இருவர் ஆடும் ஆட்டமும் ஒருவன் சொல்லும் ஆரூடமும்

நாளை நடக்கப்போவதை இன்றே அறிந்துகொள்ள வேண்டும் என்னும் ஆசை மனிதனைப் பற்றிய மிகப் பழைய நோய்களுள் ஒன்று. பல்லி சொல்லுக்குப் பலன் பார்த்தோம். பறவை செல்லும் திசையைப் பார்த்தோம். ஏட்டைப் புரட்டி எதிர்காலம் கேட்டோம். அறிவியல் வளர்ந்துவிட்ட பின்னரும் அந்நோய் நம்மைவிட்டு நீங்கவில்லை. உடையை மாற்றிக்கொண்டு உலாவுகின்றது, அவ்வளவே. அந்நோய்க்கு ஆட்பட்டவர்களுள் நானும் ஒருவன். ஆனால் என் நோயின் வடிவம் சற்று விசித்திரமானது. டெனிஸ் விளையாட்டிலே இரட்டையர் ஆட்டங்களின் முடிவை, ஆட்டம் தொடங்குமுன்னரே கணித்து ஒரு கொப்பியிற் குறித்து வைப்பது என் பொழுதுபோக்கு. நாற்பது ஆண்டுகளாக இதனைச் செய்து வருகிறேன்.

நான் ஆட்டக்காரன் அல்லன். மாணவப் பருவத்திலே இரண்டு ஆண்டுகள் இரவல் மட்டையொன்றைப் பிடித்திருக்கிறேன். அதன் பின்னர் சுண்ணக்கட்டியையே பிடித்தேன். தமிழ் கற்பித்து வயிறு வளர்த்தவன் டெனிஸ் பற்றி எழுதப் புகுந்ததேன் என்று வாசகர்கள் வினவக்கூடும். அந்தக் கொப்பி எனக்கு டெனிஸைக் காட்டிலும் வேறொன்றைக் கற்பித்தது. அதனைச் சொல்வதற்கு முதலில் டெனிஸைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஒற்றையர் ஆட்டத்தின் முடிவைச் சொல்வது ஓரளவு எளிது. இருவரின் அண்மைக்கால ஆட்டத்தையும் உடல்நிலையையும் ஆடுகளத்தின் தன்மையையும் சீர்தூக்கிப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். இரட்டையர் ஆட்டம் அப்படிப்பட்டதன்று. ஆடுகளத்தின் நீளம் இரண்டிற்கும் 78 அடியே. அகலம் மட்டும் ஒற்றையருக்கு 27 அடி, இரட்டையருக்கு 36 அடி. இந்த ஒன்பது அடியிலேதான் சங்கதி முழுவதும் இருக்கின்றது. ஆட்கள் இரட்டிப்பாகின்றனர், நிலமோ மூன்றில் ஒரு பங்குதான் கூடுகின்றது. ஆகவே வெறுமையான இடம் குறைகின்றது. ஓடிப் பிடிக்கும் வல்லமையிலும் பார்க்க, எங்கே நிற்பது, எப்பொழுது குறுக்கே பாய்வது, எப்பொழுது துணைவனுக்கு விட்டுக்கொடுப்பது என்னும் அறிவே பெரிதாகின்றது.

இதற்குச் சான்று வேண்டுமாயின் 2024 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியைப் பார்க்கலாம். அவுஸ்திரேலியரான மத்தியூ எப்டன் அங்கே ஒற்றையர் ஆட்டத்தில் நொவாக் ஜோக்கோவிச்சை எதிர்த்து நின்று 0-6, 1-6 என்று தோற்றார். கண்டவர்கள் பரிதாபப்பட்டனர். சில நாட்களின் பின் அதே எப்டன் ஜோன் பியர்ஸுடன் இணைந்து இரட்டையர் ஆட்டத்திலே தங்கப் பதக்கம் வென்றார். இரண்டும் ஒரே மட்டை, ஒரே பந்து; ஆனால் இரண்டும் வெவ்வேறு கலைகள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஜோன் மெக்கன்றோவும் பீற்றர் பிளெமிங்கும் சேர்ந்து விம்பிள்டன் பட்டத்தை 1979, 1981, 1983, 1984 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்றனர். உலகின் மிகச் சிறந்த இணை, மெக்கன்றோவும் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் எவரேனும் ஒருவரும்தான் என்று பிளெமிங் வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு. 1992 இல் மெக்கன்றோ, மைக்கேல் ஸ்டிச் என்பாருடன் கூடி மீண்டும் விம்பிள்டன் பட்டத்தை வென்றபோது அக்கதை மெய்யாகிவிட்டது போலத் தோன்றிற்று. இவ்வாறு ஒரு சான்று வலப்பக்கம் இழுக்கும், மற்றொன்று இடப்பக்கம் இழுக்கும். நடுவிலே நின்று தலையைச் சொறிபவன்தான் ஆரூடக்காரன்.

என் குடும்பத்தில் முதல் ஆரூடக்காரர் என் தந்தையார். 1966 ஆம் ஆண்டு மார்கழி மாதம், டேவிஸ் கிண்ணத்தின் இறுதிச் சுற்றிலே இந்தியா, மெல்பேர்ன் நகரில் அவுஸ்திரேலியாவை எதிர்த்து ஆடிற்று. நாகர்கோவிலிற் பிறந்தவரும், 1960 இலும் 1961 இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றவருமான ராமநாதன் கிருஷ்ணன்மீது யாழ்ப்பாணத்திலும் பலருக்கு ஒரு சொந்தப் பாசம் இருந்தது. ஐந்து ஆட்டங்களில் நான்கை அவுஸ்திரேலியா வென்றது. வெல்லாத ஒன்று இரட்டையர் ஆட்டம். முந்திய ஆண்டிலேயே விம்பிள்டன் பட்டம் பெற்றிருந்த ஜோன் நியூகம்ப், டோனி ரோச் இணையை, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் அவர்கள் மண்ணிலேயே வென்றனர். "ஒற்றையிலை ஏலாது, இரட்டையிலை பார், எங்கடை ஆக்கள் வெல்லுவினம்" என்று தந்தையார் முதல்நாளே சொல்லியிருந்தார். அவ்வாறு நடந்ததும் ஒரு வாரம் வரை அயலெங்கும் அவர் நடையே வேறாகிவிட்டது. அப்பொழுது எனக்கு எட்டு வயது. எதிர்காலத்தை அறிந்த மனிதர் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார் என்று நான் நம்பினேன். அவர் அதற்குமுன் எத்தனை முறை பிழையாகச் சொல்லியிருந்தார் என்பதை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பின்னர் நான் ஆசிரியனாகி, மலைநாட்டிலே ஹற்றன் பகுதிப் பாடசாலை ஒன்றிற்குச் சென்றேன். அங்கே கணிதம் கற்பித்தவர் என்னிலும் பதினைந்து வயது மூத்தவர். அவரை நான் 'மாஸ்டர்' என்பேன்; அவர் என்னைத் 'தம்பி' என்பார். கொழும்பிலிருந்து புகைவண்டியில் வரும் பத்திரிகையைப் பிரித்ததும் விளையாட்டுப் பக்கத்தைத் தேடுவோர் அந்த ஆசிரியர் அறையில் நாங்கள் இருவர்தாம். இரட்டையர் ஆட்டங்களைப் பற்றிப் பத்திரிகைகள் ஒரு வரியே எழுதும். அந்த ஒரு வரிக்காகக் காத்திருப்போம்.

1985 ஆம் ஆண்டு ஆடி மாதம். மார்ட்டினா நவரத்திலோவா, பாம் ஷ்ரைவர் இணை விம்பிள்டன் இறுதியாட்டத்திற்கு வந்திருந்தது. அவர்கள் இருவரும் 1983 முதல் தோல்வியையே அறியாதவர்கள். தொடர்ச்சியாக 109 ஆட்டங்களை வென்றிருந்தனர். 1984 இல் நான்கு பெருந்தொடர்களின் பட்டங்களையும் ஒரே ஆண்டிற் கைப்பற்றியவர்கள். அவர்களே வெல்வர் என்று நான் ஆசிரியர் அறையில் அறிவித்தேன். ஆரூடம் சொல்வதற்கு இதைவிட எளிதான ஆட்டம் கிடைக்குமா? மாஸ்டர் மறுக்கவில்லை. "எவ்வளவு நிச்சயம்?" என்று மட்டும் கேட்டார். "சூரியன் கிழக்கே உதிக்கும் அளவுக்கு நிச்சயம்" என்றேன்.

பத்திரிகை வந்தது. கதி ஜோர்டன், எலிசபெத் ஸ்மைலி இணை வென்றுவிட்டது.

மாஸ்டர் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து புதிய கொப்பியொன்றை எடுத்து என் முன் வைத்தார். "தம்பி, வாயாலை சொன்னது காத்தோடை போயிடும். பலிச்சதை நீர் ஞாபகம் வைச்சிருப்பீர், பிழைச்சதை மறந்துபோவீர். ஆட்டத்துக்கு முதலே எழுதி வையும். ஆர் வெல்லுவினம் எண்டு மட்டும் எழுதாதையும், நூற்றுக்கு எத்தினை எண்டும் எழுதும்" என்றார்.

இதுவே என் கொப்பியின் பிறப்பு. அவர் கற்பித்த புள்ளி முறையையும் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் இணை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 80 என்று எழுதினேன் என்க. அவ்விணை வென்றால் என் கணிப்பு நிறைவினின்றும் 0.2 குறைந்தது, அதன் வர்க்கம் 0.04. தோற்றால் 0.8 பிழைத்தது, அதன் வர்க்கம் 0.64. இவைதாம் தண்டப் புள்ளிகள். எல்லா ஆட்டங்களின் தண்டங்களையும் கூட்டிச் சராசரி காண வேண்டும். சராசரி குறையக் குறைய ஆரூடக்காரன் நல்லவன். எதையும் அறியாமல் எப்பொழுதும் 50 என்றே எழுதுபவன் ஒவ்வோர் ஆட்டத்திலும் 0.25 பெறுவான். ஆகவே என் சராசரி 0.25 இற்குக் கீழே வராவிட்டால், நான் கற்ற கல்வியனைத்தும் நாணயம் சுண்டுபவனுக்குச் சமம். இம்முறையை 1950 ஆம் ஆண்டில் கிளென் பிறையர் என்ற அமெரிக்க வானிலை அறிஞர், மழை வருமா வராதா என்று சொல்வோரைச் சோதிப்பதற்காக வகுத்தார் என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே அறிந்தேன்.

முதலாண்டு முடிவில் கணக்குப் பார்த்தோம். என் சராசரி 0.25 இற்கு மேலே நின்றது. நாணயம் சுண்டுபவன் என்னை வென்றுவிட்டான்! காரணத்தை மாஸ்டர் விரலால் தொட்டுக் காட்டினார். 55, 60 என்று நான் தயங்கி எழுதிய இடங்களில் பெரும் பிழையில்லை. 90, 95 என்று மார்தட்டி எழுதிய இடங்களிலேதான் தண்டம் குவிந்து கிடந்தது. எனக்குத் தெரியாதது தீங்கு செய்யவில்லை; தெரியும் என்று நான் நினைத்ததே தீங்கு செய்தது.

அதன் பின்னர் நான் கற்கத் தொடங்கினேன். கற்றவற்றுட் சிலவற்றை இங்கே தருகிறேன்.

முதலாவது, இடக்கையர் விதி. பெரும்புகழ் பெற்ற இணைகளை எண்ணிப் பாருங்கள்: நியூகம்ப்பும் ரோச்சும், மெக்கன்றோவும் பிளெமிங்கும், நவரத்திலோவாவும் ஷ்ரைவரும், விம்பிள்டனை ஆறு முறை வென்ற வூட்பிரிஜ்ஜும் வூட்போர்ட்டும், 16 பெருந்தொடர்ப் பட்டங்களை வென்ற இரட்டைச் சகோதரர்களான பொப் பிரயனும் மைக் பிரயனும். இந்த ஐந்து இணைகளிலும் ஒருவர் இடக்கையர். இது தற்செயல் என்று தள்ளுவதற்கில்லை. இடக்கையர் அடிக்கும் சேர்விஸ் மறுதிசையில் வளைந்து செல்வதால், எதிரிகள் ஒரு வளைவுக்குப் பழகுமுன் மற்ற வளைவு வந்துவிடும். இன்னொரு நுட்பமும் உண்டு. இரட்டையர் ஆட்டத்தில், ஒரு செற் முடியும்வரை ஒவ்வொருவரும் களத்தின் ஒரே முனையிலிருந்தே சேர்விஸ் செய்வர்; முனை மாறும் ஒழுங்கும் ஆள் மாறும் ஒழுங்கும் அவ்வாறு பொருந்தி வருகின்றன. ஆதலால், வலக்கையர் ஒருவரும் இடக்கையர் ஒருவரும் சேர்ந்தால், இருவர் கண்ணிலும் வெயில் விழாதபடி முனைகளைப் பங்கிட்டுக்கொள்ள முடியும்.

அழகிய விதி. ஆனால் நம்பி ஏமாறவேண்டாம். 1999 ஆம் ஆண்டு நான்கு பெருந்தொடர்களிலும் இறுதியாட்டத்திற்கு வந்து, பிரெஞ்சுப் பட்டத்தையும் விம்பிள்டன் பட்டத்தையும் வென்ற லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி இருவரும் வலக்கையர்களே.

இரண்டாவது, பழக்கத்தின் விதி. பல்லாண்டு சேர்ந்து ஆடியவர்கள், ஒருவர் நகர்வதை மற்றவர் பாராமலே அறிவர். இவ்விதியை நான் உறுதியாகப் பற்றியிருந்தேன். 2012 ஆம் ஆண்டு விம்பிள்டனில் அது தள்ளாடிற்று. பிரித்தானியரான ஜொனதன் மரேயும் டென்மார்க் தேசத்தவரான பிரெடெரிக் நீல்சனும் தரவரிசைத் தகுதியின்றிச் சிறப்பு அனுமதியாற் களமிறங்கினர். அரையிறுதியில் பிரயன் சகோதரர்களை வென்றனர். இறுதியில் ஐந்து செற் ஆடிப் பட்டத்தையே வென்றனர். 1936 இற்குப் பின் பிரித்தானியர் ஒருவர் விம்பிள்டன் ஆண்கள் இரட்டையர் பட்டத்தை வென்றது அதுவே முதன்முறை. இரண்டாண்டு சென்றது. 2014 இல் ஜக் சொக், வாசெக் பொஸ்பிசில் என்னும் இருவர் வாழ்விலே முதன்முறையாக விம்பிள்டனிற் கூட்டுச் சேர்ந்தனர். இறுதியிற் பிரயன் சகோதரர்களைத் தோற்கடித்தனர். தாயின் வயிற்றிலேயே கூட்டுச் சேர்ந்தவர்களை நேற்றுக் கூடியவர்கள் வென்றுவிட்டார்கள். அந்த இறுதியாட்டத்திற்கு நான் எழுதியிருந்த எண்ணை இங்கே எழுத நாணுகிறேன்.

மூன்றாவது, புள்ளி முறையின் விதி. இதுவே எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் உதவியது. ஆண்களின் சாதாரண சுற்றுப்போட்டிகளில் 2006 ஆம் ஆண்டு முதல், இரு பக்கமும் நாற்பதிற் சமநிலை அடைந்தால் அடுத்த ஒரு புள்ளியே அந்தக் கேமைத் தீர்மானிக்கின்றது. செற்றுகள் ஒன்றுக்கொன்று சமமானால், மூன்றாம் செற்றுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி ரைபிறேக் ஒன்று ஆடப்படுகின்றது. இதனால் விளைவது யாது? ஒரு பக்கத்தார் நூறு புள்ளிகளில் 60 ஐ வெல்பவர்கள் என்று கொள்வோம். பழைய முறையில் அவர்கள் நூறு கேம்களில் ஏறக்குறைய 74 ஐ வெல்வர். புதிய முறையில் 71 தான். நூறு புள்ளிகளில் 55 ஐ வெல்லும் இணை, முழுச் செற் ஒன்றை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 80 இற்குச் சற்று மேல். பத்துப் புள்ளி ரைபிறேக்கில் அது ஏறக்குறைய 68 ஆகக் குறைகின்றது. ஆட்டம் குறுகக் குறுக வல்லவனுக்கும் மெலியவனுக்கும் உள்ள தூரம் குறுகுகின்றது. நெடிய ஆட்டத்தில் நீதி உண்டு. குறுகிய ஆட்டத்தில் அதிட்டம் உண்டு. எனவே எந்தப் போட்டியில் எந்த முறை என்று பார்த்தே எண் எழுத வேண்டும். விம்பிள்டனில் ஆண்கள் இரட்டையர் ஆட்டம் 2022 வரை ஐந்து செற்றாக இருந்து, 2023 முதல் மூன்று செற்றாகக் குறைந்தபோது, என் கொப்பியிலும் பெரிய எண்களைச் சற்றுக் குறைத்துக்கொண்டேன்.

நான்காவது, ஈலோ முறை. ஆர்பாட் ஈலோ என்னும் பௌதிகப் பேராசிரியர் சதுரங்க ஆட்டக்காரர்களுக்காக வகுத்த தரப்புள்ளி முறை இது. அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனம் 1960 இலும் உலகச் சம்மேளனம் 1970 இலும் இதனை ஏற்றுக்கொண்டன. வென்றவன் தோற்றவனிடமிருந்து புள்ளி பெறுகிறான். எதிர்பாராத வெற்றிக்கு அதிகப் புள்ளி, எதிர்பார்த்த வெற்றிக்குச் சொற்பப் புள்ளி. 100 புள்ளி வித்தியாசம் இருந்தால் மேலானவனுக்கு வாய்ப்பு நூற்றுக்கு 64. 200 இருந்தால் 76. இதனை நான் டெனிஸுக்கு மாற்றி, இருவரின் புள்ளிகளையும் கூட்டி இரண்டாற் பிரித்து, இணையின் தரம் என்று வைத்துக்கொண்டேன். சராசரி காண்பது கணக்குக்கு எளிது. ஆனால் இரு மனங்களுக்குச் சராசரி உண்டா?

பயஸ், பூபதி இருவரும் இக்கேள்வியை எனக்குப் பலமுறை கேட்டனர். அவ்விருவருக்கும் இடையே மனக்கசப்பு உண்டானதும், வழக்கமான கூட்டைப் பிரித்துக்கொண்டதும் ஊரறிந்த செய்திகள். கசந்தவர்கள் சேர்ந்து வெல்லமாட்டார்கள் என்று நான் எண்ணினேன். டேவிஸ் கிண்ணத்தில் அவர்கள் மீண்டும் சேரும்போதெல்லாம் எண்ணைக் குறைத்தே எழுதினேன். அவர்களோ 1997 முதல் 2010 வரை டேவிஸ் கிண்ணத்தில் தொடர்ந்து 24 இரட்டையர் ஆட்டங்களை வென்றார்கள். அது உலக சாதனை. அன்பு இருந்தால்தான் கூட்டு நிலைக்கும் என்று வகுப்பிலே கற்பித்து வந்த எனக்கு, கடமையும் திறமையும் கூட ஒரு கூட்டைத் தாங்கும் என்று அவர்கள் கற்பித்தார்கள்.

இவ்வாறு பல ஆண்டுகள் சென்றன. என் சராசரி 0.25 இற்குக் கீழே இறங்கி, மெல்ல மெல்ல இன்னும் இறங்கிற்று. கொழும்புக்கு மாற்றலாகி வந்தேன். கொப்பிகளும் பெருகின. அவற்றோடு என் செருக்கும் பெருகிற்று. இனிச் சொல்லப்போவது சொல்லக் கூசுவது, ஆயினும் சொல்லவேண்டியது.

என்னிடம் முன்பு படித்த ஒருவன் அயலில் குடியிருந்தான். கடையொன்றில் வேலை, இளம் மனைவி, கைக்குழந்தை. மாலை வேளைகளில் வருவான். என் கொப்பிகளைக் கண்டு வியந்தான். "சேர், நாளைக்கு ஆர்?" என்று கேட்பான். நானும் எண்ணைச் சொல்வேன். கேட்பாரற்றுக் கிடந்த கலைக்கு ஒரு மாணவன் கிடைத்தான் என்று என் மனம் குளிர்ந்தது. அவன் ஏன் கேட்கிறான் என்று நான் கேட்கவில்லை. பந்தயம் பிடிக்கும் ஒருவரிடம் அவன் பணம் கட்டி வந்தான் என்பதை அறிந்தபோது காலம் கடந்திருந்தது.

2016 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ரியோ ஒலிம்பிக். வீனஸ், செரீனா வில்லியம்ஸ் சகோதரிகள் முதற் சுற்றில் ஆடவிருந்தனர். 2000, 2008, 2012 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்றவர்கள். ஒலிம்பிக் இரட்டையர் ஆட்டத்தில் 15 முறை ஆடி 15 முறையும் வென்றவர்கள். ஒரு மாதத்திற்கு முன்னர்தான் விம்பிள்டன் பட்டத்தையும் வென்றிருந்தார்கள். அவன் கேட்டான். "95" என்றேன்.

செக் தேசத்தவரான லூசி சஃபரோவாவும் பாபரா ஸ்ட்ரிக்கோவாவும் 6-3, 6-4 என்று வென்றனர்.

கொப்பியிலே தண்டப் புள்ளி 0.90 என்று எழுதினேன். என் கொப்பிகளில் அதுவே மிகப் பெரிய தண்டம் என்று ஒரு வேடிக்கைக் குறிப்பும் எழுதிவைத்தேன். நான்கு நாட்களின் பின் அவன் வந்தான். மனைவியின் தாலிச் சங்கிலியை அடகு வைத்த பணம் முழுவதையும் அந்த ஓர் ஆட்டத்திலே கட்டியிருந்தான். என்மேல் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை.

"சேர், நீங்கள் பொய் சொல்லேல்லை. தொண்ணூற்றைஞ்சு எண்டுதான் சொன்னனீங்கள். நான்தான் நூறெண்டு கேட்டிட்டன்" என்றான்.

இந்தச் சொற்கள் இன்றுவரை என் காதைவிட்டு அகலவில்லை. தொண்ணூற்றைந்து என்றால் இருபது முறையில் ஒரு முறை பிழைக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு முறையைத் தாங்கும் வலிமை என் கொப்பிக்கு இருந்தது. அவன் வீட்டுக்கு இருக்கவில்லை. அவனுடன் அவன் வீட்டுக்குச் சென்றேன். அவன் மனைவி எனக்கு இருக்கை தந்தாள், தேநீரும் தந்தாள். பின்பு மெதுவாகச் சொன்னாள்: "சேர், உங்களுக்கு அது கொப்பி. எங்களுக்கு அது சோறு."

சங்கிலி மீட்கப்பட ஏழு மாதங்கள் சென்றன. ஒரு பகுதியை நான் கொடுத்தேன். அவன் மறுத்தான், அவள் மறுக்கவில்லை. அவள் செய்ததே சரி.

அந்த ஏழு மாதங்களில் அவனுக்கு நான் ஒரு கணக்கைக் கற்பித்தேன். இரு பக்கமும் சமவாய்ப்புள்ள ஓர் ஆட்டத்தில், நீதியான பந்தயமாயின் ஒரு ரூபாய் கட்டி வென்றவனுக்கு இரண்டு ரூபாய் திரும்பிவர வேண்டும். பந்தயம் பிடிப்பவனோ, ஒரு பேச்சுக்கு, ஒரு ரூபாய் 90 சதம் தருகிறான் என்க. அப்படியானால் நூறு முறையில் 53 முறையளவு சரியாகச் சொன்னால்தான் கட்டியவனின் முதலே மிஞ்சும். ஆண்டுக்கணக்கிற் கொப்பி எழுதியவன் நாணயம் சுண்டுபவனைச் சிறிதளவே மிஞ்சுகிறான் என்றால், அந்தச் சிறிதளவையும் பந்தயக்காரன் வாசலிலேயே வாங்கிக்கொள்கிறான். இதனை அவன் ஒரே தடவையில் விளங்கிக்கொண்டான். தானாகவே வேறு எண்களை வைத்துப் போட்டும் காட்டினான்.

அப்பொழுதுதான் எனக்கொரு பழைய நாள் நினைவுக்கு வந்தது. அவன் ஒன்பதாம் வகுப்பிற் படித்தபோது, நான் வகுப்பாசிரியன். அவன் தந்தையாரை அழைத்து, "இவனுக்குக் கணக்கு ஏறாது; வேறு தொழில் பாருங்கள்" என்று சொன்னேன். அதுவும் ஓர் ஆரூடந்தானே! எத்தனை சதவீத உறுதியோடு அதனைச் சொன்னேன்? எந்தக் கொப்பியிற் குறித்து வைத்தேன்? பலித்ததா பிழைத்ததா என்று எந்த ஆண்டிறுதியிற் பார்த்தேன்? முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, எத்தனையோ பிள்ளைகளைப் பற்றி, 'இவன் தேறுவான்', 'இவள் தேறாள்' என்று பெற்றோர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். தேறியவர்கள் பரிசளிப்பு விழாவிற்கு வந்து என் காலைத் தொட்டு வணங்கினர். அவர்கள் என் நினைவில் நிற்கின்றனர். நான் தேறாரென்று சொல்ல, அதனை நம்பி ஒதுங்கிப்போனவர்கள் வரவில்லை, வரமாட்டார்கள். என் தந்தையாரின் 1966 ஆம் ஆண்டு ஆரூடம் போல, பலித்ததை மட்டும் எண்ணிக்கொண்டு ஓர் ஆசிரிய வாழ்வை நடத்திவிட்டேன். முன்பின் கண்டிராத விளையாட்டு வீரர்களுக்கு நான் காட்டிய நிதானத்தை என் முன்னே வாங்கிலே இருந்த பிள்ளைகளுக்குக் காட்டவில்லை.

இதனை வாசிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு நான் புத்திமதி சொல்ல வரவில்லை. அந்தத் தகுதி எனக்கில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்வேன். ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லத் தோன்றும்போது, அதனை முதலில் ஒரு கொப்பியிலே எழுதி, பக்கத்திலே ஓர் எண்ணையும் எழுதி, பத்தாண்டு சென்றபின் எடுத்துப் பாருங்கள். அதுவரை அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சொல்லாதிருங்கள்.

ஆட்டங்களைப் பற்றியும் ஒரு விதி செய்துகொண்டேன். ஆட்டம் முடியுமுன் என் எண்ணை எவருக்கும் சொல்வதில்லை. மாஸ்டர் இன்று உயிரோடு இல்லை. அவர் தந்த முதற் கொப்பி, மலைநாட்டுக் குளிரிற் பூத்த பூஞ்சணத்தோடு இன்னும் என் அலுமாரியில் இருக்கின்றது. அவன் மட்டும் இன்றும் வருகிறான். பந்தயத்தை அன்றே விட்டுவிட்டான், கொப்பியை விடவில்லை. தனக்கென ஒன்று வைத்திருக்கிறான்.

2024 ஆம் ஆண்டு தை மாதம், அவுஸ்திரேலியப் போட்டியின் இறுதியாட்டத்தை இருவரும் சேர்ந்திருந்து பார்த்தோம். 43 வயதான ரோகன் போபண்ணாவும், நான் முன்னர் குறிப்பிட்ட எப்டனும் ஒரு பக்கம்; இத்தாலியரான சிமோன் பொலெல்லியும் அந்திரேயா வவசோரியும் மறுபக்கம். ஆட்டம் தொடங்குமுன் ஆளுக்கொரு துண்டில் எண்ணை எழுதி, மடித்து, தேநீர்த் தட்டின் கீழே வைத்தோம். முதற் செற் ரைபிறேக் வரை சென்றது. அதில் இத்தாலியர் ஒரு புள்ளியும் பெறவில்லை. இரண்டாவது 7-5. அந்த வெற்றியினால் போபண்ணா, தொழில்முறை ஆட்டக் காலத்தில் பெருந்தொடரொன்றின் ஆண்கள் இரட்டையர் பட்டத்தை வென்றவர்களுள் மிக மூத்தவரானார். நாற்பது வயதானவரை எந்த ஆசிரியன் 'இனித் தேறுவார்' என்று சொல்லியிருப்பான்?

தட்டைத் தூக்கித் துண்டுகளைப் பிரித்தோம். போபண்ணாவின் பக்கத்திற்கு நான் 55 எழுதியிருந்தேன். அவன் 60 எழுதியிருந்தான். கடதாசியை எடுத்து அவனே வர்க்கம் கண்டான். எனக்கு 0.2025; அவனுக்கு 0.16.

"சேர், இண்டைக்கு நான்" என்றான்.

கொப்பியில் அப்படியே குறித்துக்கொண்டேன்.